லைசன்ஸ் இருக்கிறதே, அப்புறம் எதற்கு ஐந்து மணி நேர டூயல்?

பிப்ரவரி 8

வாசகர் ஒருவரின் கேள்வி: “செஸ்னா 172 என்ற தொழிற்சாலை விமானத்தில் நானூறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். டெயில்வீல் எண்டார்ஸ்மென்ட்டும் உண்டு. வேறொருவர் வீட்டிலேயே கட்டிப் பல வருடம் ஓட்டிய ஆர்வி-7 விமானம் ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறேன். இன்சூரன்ஸ்காரர்கள் அந்த மாடல் தெரிந்த இன்ஸ்ட்ரக்டரோடு ஐந்து மணி நேரம் டூயல், பிறகு தனியாகப் பத்து மணி நேரம், அதற்கப்புறம்தான் பயணி என்கிறார்கள். சட்டப்படி என்னிடம் எதுவும் குறையில்லை. பிரீமியம் போதாதென்று இன்னொரு செலவை நம் தலையில் கட்டுகிற வேலைதானே இது?”

இல்லை. சட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அமெரிக்க விதிப்படி இந்த அளவு பிஸ்டன் விமானங்களுக்குத் தனி டைப் ரேட்டிங் (அந்த மாடலுக்கென்றே வாங்கும் தகுதி) கிடையாது. டெயில்வீலுக்கு, அதாவது வாலில் சக்கரம் வைத்த விமானத்துக்கு ஒன்று, 200 குதிரைத்திறனைத் தாண்டிய எஞ்சினுக்கு ஒன்று, மடங்கும் சக்கரத்துக்கு ஒன்று, அழுத்தமூட்டிய கேபினுக்கு ஒன்று என்று எண்டார்ஸ்மென்ட்டுகள் (இன்ஸ்ட்ரக்டர் லாக்புக்கில் கையெழுத்திட்டுத் தரும் அனுமதிகள்) இருக்கின்றன, அவ்வளவுதான். 172 மட்டும் ஓட்டிப் பழகியவர் அந்தக் கையெழுத்துகளை வாங்கிக்கொண்டு லான்ஸ்ஏர் 4-பி என்ற அதிவேக வீட்டுக்கட்டு விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் எந்த விதியும் அவரைத் தடுக்காது. சட்டம் கேட்காமல் விட்டதை இன்சூரன்ஸ்காரர் கேட்கிறார். அவர் கேட்பதால் அவருக்கு ஒரு பைசா வரவில்லை, அந்தப் பணம் இன்ஸ்ட்ரக்டருக்கும் பெட்ரோலுக்கும் போகிறது.

ஐந்து மணி என்பது குறைவு என்றே நினைக்கிறேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

பிப்ரவரி 8, இரவு

அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. 2012-இல் வீட்டில் கட்டும் விமானங்களைப் பற்றி ஒரு தனி ஆய்வு வெளியிட்டது. விமான நிறுவனங்களும் ராணுவமும் தவிர்த்த மற்ற அமெரிக்க விமானங்களில் இவை அப்போது கிட்டத்தட்ட 10 சதவீதம். 2011-இல் நடந்த விபத்துகளில் இவற்றின் பங்கு சுமார் 15 சதவீதம், உயிர் போன விபத்துகளில் 21 சதவீதம்.

இதைப் படித்ததும் எல்லோரும் கட்டியவரின் வேலையைத்தான் சந்தேகப்படுகிறார்கள். எஞ்சின் கோளாறுகள் நிறைய இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்த வருடம் விபத்தில் சிக்கியவற்றில் பாதிக்கு மேல் கட்டியவர் கையில் இல்லாதவை, வேறொருவர் பழையதாக வாங்கியவை. புதிதாகக் கட்டியதன் முதல் பறப்பிலேயே நடந்த விபத்துகள் 10. பழையது ஒன்றை வாங்கிய புது உரிமையாளரின் முதல் பறப்பில் நடந்தவை 14. இந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள். அந்த விமானங்கள் ஏற்கெனவே பறந்து நிரூபிக்கப்பட்டவை. அன்றைக்குப் புதிதாக இருந்தது ஓட்டுபவர் மட்டும்தான்.

கேள்வி கேட்டவர் நிற்பது சரியாக அந்த இடத்தில்.

பிப்ரவரி 9

“ஆர்வி-7 அப்படி என்ன பூதம், ரெக்கைப் பளு 172 மாதிரிதானே” என்று கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார், நல்லது. 172எஸ்-இன் உச்ச எடை 2,550 பவுண்டு, ரெக்கைப் பரப்பு 174 சதுர அடி. ஆர்வி-7-க்கு 1,800 பவுண்டு, 121 சதுர அடி. வகுத்தால் இரண்டும் சதுர அடிக்கு 15 பவுண்டுக்குப் பக்கத்தில் வருகின்றன. உண்மைதான்.

ஆனால் ரெக்கையின் நீளத்தைப் பாருங்கள். 172-க்கு 36 அடி, ஆர்வி-7-க்கு 25 அடி. குட்டையான, அகலமான ரெக்கை. வேகமாகப் போகும்போது இது அருமையாக இருக்கும். வேகத்தைக் குறைத்து மூக்கைத் தூக்கத் தூக்க இழுவை, அதாவது காற்றின் எதிர்ப்பு, மளமளவென்று ஏறும், அதோடு நிலையான வேக புரொப்பெல்லரும் (சுற்றும் வேகம் மாறாதபடி பிளேடுகளின் கோணத்தைத் தானே மாற்றிக்கொள்வது) இருந்தால், த்ராட்டிலை மூடியதும் பிளேடுகள் தட்டையாகத் திரும்பிப் பிரேக் பிடிக்கும். இரண்டும் சேர்ந்தால், 172-இல் ‘ரன்வேயை எட்டிவிடலாம்’ என்று கண் சொல்லும் இடத்திலிருந்து ஆர்வி-7 எட்டாது. நான் பயிற்சி எடுத்தபோது இன்ஸ்ட்ரக்டர் டவுன்விண்டில் (இறங்கும் திசைக்கு எதிராக, ரன்வேக்கு இணையாகப் போகும்போது) த்ராட்டிலை இழுத்துவிட்டு “எங்கே இறங்குவாய், விரலை நீட்டு” என்றார். நான் நீட்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே தரை மேலே வந்தது. அவர் த்ராட்டிலைத் திறந்தார், மேலே ஏறினோம், திரும்பவும் அதே. கண் பழைய விமானத்தின் கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அது மாறுவதற்கு நிறையச் சுற்றுகள் ஆயின, மாறியதை நான் உணரக்கூட இல்லை, ஒரு தடவை விரல் தானாகவே ரன்வேக்கு இந்தப் பக்கம் போய் நின்றது.

இதைத் தனியாக, எஞ்சின் உண்மையாகவே நின்ற ஒரு நாளில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தால்?

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

இன்னொன்றும் இதோடு சேர வேண்டும். ஸ்டிக், அதாவது விமானத்தை ஓட்டும் கைப்பிடி, லேசு. 172-இல் முழங்கையால் செய்ததை இதில் இரண்டு விரலால் செய்ய வேண்டும். பழகியபின் இதைவிட இன்பம் எதுவும் இல்லை, ஆர்வி ஓட்டும் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் முதல் சில சுற்றுகளில் மூக்கு மேலும் கீழுமாக ஆடும், தரைக்குப் பக்கத்தில் அது ஆடக் கூடாது. அமெரிக்க விமானத்துறையான எஃப்.ஏ.ஏ.-யின் ஏ.சி. 90-109ஏ என்ற ஆலோசனைச் சுற்றறிக்கை இதையெல்லாம் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஸ்டிக் லேசானவை, எடை குறைந்து இழுவை மிகுந்தவை, எடை மிகுந்து இழுவை குறைந்தவை, வழக்கமில்லாத வடிவமைப்பு கொண்டவை என்று போகும். இலவசமாகக் கிடைக்கிறது. பயிற்சிக்குப் போகும் முன் உங்கள் விமானம் எந்தக் குடும்பம் என்று பார்த்துவிட்டுப் போங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பத்திலும் இருக்கலாம்.

பிப்ரவரி 11

அடுத்த வாதம்: “அனுபவம் இருந்தால் சமாளிக்கலாம்.”

ஜான் டென்வர் விபத்தை நினைத்துப் பாருங்கள். 1997 அக்டோபர் 12, கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடா. பாடகர் என்பதால் உலகம் அறிந்த விபத்து, நமக்கு அது வேறொரு பாடம். அவர் புது விமானி இல்லை, பல வருட அனுபவம், ஆயிரக்கணக்கில் மணி நேரம். விமானம் லாங்-ஈஸி, அதை அவர் கட்டவில்லை, அப்போதுதான் வாங்கியிருந்தார். பெட்ரோல் டேங்கை மாற்றும் வால்வை வரைபடம் சொன்ன இடத்தில், அதாவது கால்களுக்கு நடுவில் வைக்காமல், கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருப்ப வேண்டுமானால் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பை முறுக்கிப் பின்னால் கை நீட்ட வேண்டும். அப்படி முறுக்கும்போது வலது கால் ரட்டர் பெடலை (மூக்கை இடம், வலம் திருப்புவது) மிதித்துவிடும் வாய்ப்பு அதிகம். பெட்ரோல் அளவு காட்டும் குழாயில் அடையாளக் கோடுகள் இல்லை, வால்விலும் எழுத்து இல்லை. கிளம்பும் முன் பெட்ரோல் போட்டுக்கொள்ளவுமில்லை.

என்.டி.எஸ்.பி. தன் முடிவில் வால்வு இருந்த இடத்தையும் சொன்னது, போதாத டிரான்சிஷன் பயிற்சியையும் (பழகிய விமானத்திலிருந்து புது வகைக்கு மாறும் பயிற்சி) இந்த வகை விமானத்தில் அனுபவமின்மையையும் சொன்னது. முந்தைய நாள் ஒரு சிறிய செக்-அவுட், அதாவது அறிமுகப் பறப்பு மட்டும் நடந்திருந்தது.

நான் இதை எழுதுவது பயமுறுத்த இல்லை. லாங்-ஈஸி நல்ல விமானம். ஆனால் வீட்டில் கட்டிய இரண்டு விமானங்கள் ஒன்றுபோல இருக்காது என்பதை 172 ஓட்டுகிறவர்கள் ஏட்டளவில்தான் ஒப்புக்கொள்கிறார்கள். தொழிற்சாலை விமானத்தில் வால்வு எங்கே என்று யோசிக்கவே தேவையில்லை, கை போகும். இங்கே பூஸ்ட் பம்ப் சுவிட்ச் ஒருவர் விருப்பம், டிரிம் எந்தப் பக்கம் நகர்ந்தால் மூக்கு இறங்கும் என்பது இன்னொருவர் விருப்பம். ‘எனக்கு ஆர்வி தெரியும்’ என்று சொன்னாலும், தெரிந்தது நீங்கள் பயிற்சி எடுத்த அந்த ஓர் ஆர்விதான்.

வாங்கியதும் எஞ்சினைக் கிளப்பாமல் ஹேங்கரில் உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு வால்வு, பம்ப், மிக்ஸ்சர், டிரிம், ஃபிளேப், கனோப்பி (கண்ணாடிக் கூரை) கொக்கி எல்லாவற்றையும் தொடுங்கள், யாராவது பக்கத்தில் நின்று பெயர் சொல்லட்டும். தடுமாற்றமில்லாமல் கை போகும்வரை பறக்க வேண்டாம். இதற்குக் காசு எதுவும் ஆகாது.

பிப்ரவரி 12

ஒருவர் தான் கட்டிக்கொண்டிருப்பதாகவும், “பயிற்சியை என் விமானத்திலேயே, முதல் பறப்பிலேயே இன்ஸ்ட்ரக்டரோடு முடித்துவிடலாமே” என்றும் கேட்கிறார்.

வாங்குபவருக்கும் கட்டுபவருக்கும் நிலைமை நேர் எதிர். பழையதை வாங்குபவரின் விமானம் சோதனைக் கட்டத்தைத் தாண்டியது, அதில் இன்ஸ்ட்ரக்டரை உட்கார வைக்கலாம். புதிதாகக் கட்டியது முதலில் ஃபேஸ் ஒன்று என்ற சோதனைக் கட்டத்தில் இருக்கும், சான்றளித்த எஞ்சின்-புரொப்பெல்லர் ஜோடி என்றால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40. (மணிக்கணக்குக்குப் பதில் பணிகளை ஒவ்வொன்றாக முடித்துக் காட்டும் வழியும் இப்போது உண்டு.) அந்தக் கட்டத்தில் விமானத்தை இயக்கத் தேவையானவரைத் தவிர யாரும் ஏறக் கூடாது. 2014-இல் ஏ.சி. 90-116 ஒரு கதவைத் திறந்தது. குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்ட கிட் (பாகங்களாக வாங்கிக் கட்டும்) விமானங்களில், தகுதி உள்ள இன்னொரு விமானியைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். அது கட்டியவருக்குப் பெரிய உதவி. ஆனால் அது சோதனைக்கான துணை, நீங்கள் ஓட்டக் கற்றுக்கொள்ளும் வகுப்பு இல்லை. விமானமும் புதிது, ஓட்டுபவரும் புதிது என்ற நிலையில் எந்தப் பறப்பும் நடக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஆகவே கட்டுபவர் வேறொருவரின் அதே மாடலில் முன்கூட்டியே பயிற்சி எடுக்க வேண்டும், அதுவும் முதல் பறப்புக்குச் சில வாரம்தான் முன்னால், கையில் சூடு ஆறாமல் இருக்கும்படி.

அப்படிச் சொந்த எக்ஸ்பெரிமென்டல் விமானத்தை (வீட்டில் கட்டியவை இந்த வகையில்தான் பதிவாகும்)ப் பயிற்சிக்குக் கொடுத்துக் காசு வாங்கும் இன்ஸ்ட்ரக்டருக்கு எஃப்.ஏ.ஏ. அனுமதிக் கடிதம் வேண்டும், லோடா என்பார்கள். ஆள் தேடும்போது முதலில் அதைக் கேளுங்கள்.

பிப்ரவரி 12, பின்னிரவு

லோடா பற்றி ஒரு பழைய குழப்பம் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால் இது. 2021 ஜூலையில் எஃப்.ஏ.ஏ., உரிமையாளர் தன் சொந்த எக்ஸ்பெரிமென்டல் விமானத்தில் இன்ஸ்ட்ரக்டருக்குக் காசு கொடுத்துக் கற்றாலும் கடிதம் வேண்டும் என்று சொன்னது. அது பயிற்சியைக் குறைக்கும் என்று எல்லோரும் எதிர்த்தார்கள். 2022 டிசம்பரில் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் அந்தத் தேவையை நீக்கியது. விமானமும் பயிற்சியும் ஒரே ஆளிடமிருந்து வராத வரை, உங்கள் விமானம், வெளியிலிருந்து வரும் இன்ஸ்ட்ரக்டர் என்றால் பிரச்சினை இல்லை. ‘கடிதம் இல்லாததால் பயிற்சி எடுக்க முடியவில்லை’ என்று இப்போது யாராவது சொன்னால் அது பழைய கதை.

பிப்ரவரி 14

இன்சூரன்ஸ். இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாலிசியில் இரண்டு பாதி. ஒன்று ஹல், அதாவது உங்கள் விமானம். இன்னொன்று லயபிலிட்டி, நீங்கள் பிறருக்குச் செய்யும் சேதம். வழக்கமாகக் கிடைப்பது ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர், அதற்குள் ஒரு பயணிக்கு 1 லட்சம் என்ற உள்வரம்பு. அந்த உள்வரம்பைப் பலர் கவனிப்பதில்லை. பக்கத்து இருக்கையில் உட்காரப் போவது உங்கள் நண்பர், அவருடைய குடும்பத்துக்குப் போகக்கூடியது அந்த 1 லட்சம்தான். உள்வரம்பு இல்லாமல் கொடுக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், விலை ஏறும், சில வகை விமானத்துக்குக் கிடைக்காமலும் போகும், ஆனாலும் கேளுங்கள்.

ஹல் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ என்ற கணக்கில் போகும். நீங்கள் சொல்லும் தொகைக்குத்தான் காப்பீடு, சந்தை விலைக்கு இல்லை. பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்துச் சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்: 1 லட்சம் டாலர் பெறும் விமானத்தை 60 ஆயிரத்துக்குப் போட்டிருக்கிறீர்கள், ரன்வேயை விட்டு விலகியதில் 45 ஆயிரத்துக்குச் சேதம். கம்பெனி ரிப்பேர் செய்வதைவிட 60 ஆயிரத்தைக் கொடுத்துவிட்டு விமானத்தை எடுத்துக்கொண்டு போவது அவர்களுக்கு லாபம். பல வருடம் கட்டிய விமானம், சரிசெய்யக்கூடிய விமானம், உங்கள் கையை விட்டுப் போய்விடும். தலைகீழாக, மதிப்பைக் கூட்டிப் போட்டால் திரும்ப ஓட்ட மனம் வராத அளவுக்கு நொறுங்கியதையும் ரிப்பேர் செய்தே கொடுப்பார்கள்.

கட்டியவர்கள் தங்கள் உழைப்பை மதிப்பில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள், கிட் விலையும் எஞ்சின் விலையும் மட்டும் கூட்டிப் போடுகிறார்கள். அதே மாடல், அதே நிலையில் இன்று வாங்கினால் என்ன ஆகுமோ அதைப் போடுங்கள்.

எஞ்சின் தேய்ந்து நின்றால் எஞ்சினுக்குப் பணம் வராது, தேய்மானம் எந்தப் பாலிசியிலும் விலக்கு. ஆனால் எஞ்சின் நின்றதால் வயலில் இறங்கிச் சக்கரம் போனால் அந்தச் சேதத்துக்கு வரும்.

இப்போது விமானி பற்றிய பத்தி. பாலிசியில் இதுதான் மிக முக்கியமான பத்தி, பெரும்பாலும் சில வரிதான் இருக்கும், நான் ஒவ்வொரு வருடமும் வரிவரியாகப் படிக்கிறேன். யார் ஓட்டலாம், எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும், டூயல் யாரோடு, அந்த இன்ஸ்ட்ரக்டருக்கு அந்த மாடலில் எவ்வளவு அனுபவம் வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். அதை மீறி நடந்த பறப்பில் விபத்து என்றால் காப்பீடு இல்லை, மீறலுக்கும் விபத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்பது பிறகு வக்கீல்கள் பேசும் விஷயம். மெடிக்கலும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் ஃபிளைட் ரிவ்யூவும், பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் கண்டிஷன் இன்ஸ்பெக்‌ஷனும் காலாவதி ஆகியிருந்தாலும் இதே தொல்லைதான்.

பிப்ரவரி 14, தொடர்ச்சி

விட்டுப்போனவை. ‘அதே மாடல்’ என்றால் என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆர்வி-6-இல் ஓட்டியது ஆர்வி-7-க்குச் செல்லுமா? ஆர்வி-7ஏ, மூக்குச் சக்கரம் உள்ளது, அதில் எடுத்த டூயலை டெயில்வீல் ஆர்வி-7-க்கு ஏற்பார்களா? ஒரு கம்பெனி ஏற்கும், இன்னொன்று ஏற்காது. என் நண்பர் ஒருவர் தொலைபேசியில் ‘அதெல்லாம் பரவாயில்லை’ என்ற பதிலோடு விட்டுவிட்டார், பின்னால் ஒரு சிறிய இறக்கைநுனிச் சேதத்துக்குக் கிளெய்ம் போட்டபோது லாக்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பேசினார்கள். கடைசியில் கொடுத்தார்கள். அந்த மாதங்களில் அவர் பட்ட பாட்டுக்கு ஒரு மின்னஞ்சல் போதுமாயிருந்தது.

லாக்புக்கில் இன்ஸ்ட்ரக்டர் எழுதும்போது மாடல் பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள். ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று மட்டும் எழுதினால் போதாது.

ஒரே புரோக்கரிடம் போங்கள். இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு விலை வரும் என்று நினைக்கிறோம், ஆனால் இந்தத் தொழிலில் அண்டர்ரைட்டர்கள் (பாலிசியை ஏற்று விலை சொல்லும் கம்பெனிகள்) மிகக் குறைவு, முதலில் கேட்ட புரோக்கருக்குத்தான் விலை கொடுப்பார்கள், அடுத்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டில் கட்டிய விமானங்களை நிறையக் கையாளும் புரோக்கராகப் பார்த்துப் பிடியுங்கள்.

கட்டுபவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: ஹல் காப்பீடு முதல் பறப்பிலிருந்தே உண்டா, இல்லை ஃபேஸ் ஒன்றில் சில மணி நேரம் ஓடியபின்தானா?

பிப்ரவரி 17

“ஹல் வேண்டாம், லயபிலிட்டி மட்டும் போடுகிறேன், அப்போது இந்த நிபந்தனை எல்லாம் தளர்ந்துவிடும்.” கேள்வி கேட்டவரேதான்.

தளரலாம். விமானம் போனால் போகட்டும் என்று தாங்கக்கூடியவருக்கு லயபிலிட்டி மட்டும் போடுவது நியாயமான முடிவு, கடன் வாங்கி வாங்கியிருந்தால் மட்டும் கடன் கொடுத்தவர் விட மாட்டார். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயிற்சியைத் தவிர்ப்பதற்காக ஹல்லை விடுவது என்றால், உங்கள் அலுமினியத்துக்காகச் சேர்க்கப்பட்ட ஒரு நிபந்தனை உங்கள் உடம்பையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது, அதைச் சேர்த்து விட்டுக்கொடுக்கிறீர்கள். தயவுசெய்து இந்த இரண்டையும் தனித்தனி முடிவாக எடுங்கள்.

பிப்ரவரி 18

மெதுவான, லேசான கிட் விமானம் ஒன்றை ஓட்டப் போகும் ஒருவர், “இந்த விவாதமெல்லாம் வேகமான விமானக்காரர்களுக்கு, என்னுடையது மணிக்கு 60 மைல்” என்கிறார்.

வேகம் குறைந்தால் பயிற்சி தேவையில்லை என்ற எண்ணம் மிக ஆபத்தானது. எடை குறைவு, கம்பிகளும் குழாய்களும் நிறைய, இழுவை அதிகம். எஞ்சின் நின்ற அந்த நொடியிலேயே வேகம் விழும். 172-இல் எஞ்சின் நின்றால் ஒரு மூச்சு விட்டுவிட்டு மூக்கை இறக்கலாம். இதில் அந்த மூச்சுக்கு நேரமில்லை, உடனே அழுத்த வேண்டும், அதுவும் உங்கள் கண்ணுக்கு அநியாயமாகத் தோன்றும் அளவுக்குக் கீழே. இறங்கும்போதும் அப்படித்தான், சீக்கிரம் நிமிர்த்தினால் ஆளுயரத்தில் வேகம் தீர்ந்துபோகும். பெரிய ஜெட் ஓட்டும் விமானிகளும் இந்தச் சின்ன விமானங்களில் தடுமாறுவது இதனால்தான், அவர்கள் கையில் இருக்கும் பழக்கம் முழுக்க மறுகோடியில் கற்றது.

மறுகோடி என்றால் லான்ஸ்ஏர் மாதிரி. அதைப் பற்றி 2009-இல் எஃப்.ஏ.ஏ. தனியாக ஒரு அறிவிப்பே வெளியிட்டது, தகுந்த பயிற்சி எடுங்கள், தரைக்குப் பக்கத்தில் மெதுவாகப் போய் ஸ்டால் ஆகிவிடாதீர்கள் (ரெக்கை விமானத்தைத் தாங்க முடியாத நிலைக்குப் போய்விடாதீர்கள்) என்று. உரிமையாளர் சங்கமும் அதற்கென்றே பயிற்சித் திட்டம் நடத்துகிறது.

ஒற்றை இருக்கை விமானத்துக்கு டூயல் எப்படி என்றும் கேட்டார்கள். முடியாது, ஆகவே மிக நெருங்கிய உறவினரைப் பிடிக்க வேண்டும். ஆர்வி-3-க்கு ஆர்வி-4.

பிப்ரவரி 20

ஐந்து மணி போதுமா என்ற விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன். முதல் நாள் குறைவு என்று எழுதினேன். யோசித்துப் பார்த்தால், எத்தனை மணி என்பதைவிட எந்த மாதிரி மணி என்பதுதான் கணக்கு. காற்றில்லாத ஒரே வாரக்கடைசியில் நீளமான ஒரே ரன்வேயில் ஐந்து மணியையும் முடித்தால் பாலிசிக்குப் போதும். பக்கக் காற்று அடிக்கும் ஒரு மதியம் அதில் இல்லையென்றால் டெயில்வீல் ஆளுக்குப் பாதிதான் முடிந்தது. இன்ஸ்ட்ரக்டரோடு பேசி நாட்களைப் பிரித்து வையுங்கள், முடிந்தால் காற்றுள்ள நாளைக் காத்திருந்து பிடியுங்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டால், உயரத்தில் மெதுவாகப் பறப்பது, அங்கேயே திருப்பத்தில் ஸ்டால். ஆர்வியில் ஸ்டாலுக்கு முன் வரும் நடுக்கம் சிறிதுதான், 172-இல் அலறும் எச்சரிக்கைக் கொம்பு இதில் இருக்கக் கட்டாயமில்லை. வேகமானியின் பிழையும் ஒவ்வொரு விமானத்துக்கும் வேறு, வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் ஸ்டாடிக் துளை எங்கே என்பதைப் பொறுத்தது. ஆகவே பிறர் சொல்லும் இறங்கு வேகத்தை அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் விமானத்தை உயரத்தில் ஸ்டால் செய்து, முள் எங்கே இருந்தது என்று எழுதி, அதை 1.3-ஆல் பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பவர் இல்லாமல் இறங்குவது, பல உயரங்களிலிருந்து. புரொப்பெல்லர் நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தால் சறுக்குதூரம் எவ்வளவு கூடுகிறது என்பதையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள், எண்ணெய் அழுத்தம் இருக்கும் வரைதான் அது வேலை செய்யும்.

கனோப்பி திறந்துகொள்வது. ஆர்வியில் முன்னால் கீல் வைத்த வகை கொக்கி மாட்டாமல் கிளம்பினால் சில அங்குலம் எழும்பி அப்படியே நிற்கும். காற்று அலறும், காகிதங்கள் பறக்கும், ஆனால் விமானம் பறக்கும், சுற்றி வந்து இறங்கலாம். அதை இழுத்து மூடப் போய்த்தான் ஆட்கள் வேகத்தை விட்டுவிடுகிறார்கள். ஆனால் லான்ஸ்ஏர் லெகசியில் கனோப்பி திறந்துகொண்டு உயிர்களே போயிருக்கின்றன. ஒரு விமானத்தின் நிம்மதியை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது, மாடல் தெரிந்த இன்ஸ்ட்ரக்டர் வேண்டும் என்று பாலிசி கேட்பதற்கு இதைவிட நல்ல காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எடையும் உண்டு. டூயலில் பக்கத்தில் ஒருவர் இருந்தார், அடுத்த நாள் தனியாகப் போகும்போது சீக்கிரம் தரையை விட்டு எழும்பும், ஃபிளேரில் (தரை தொடும் முன் மூக்கைத் தூக்கும்போது) ஸ்டிக் வேறு மாதிரி இருக்கும். ஆர்விகளில் பெட்ரோல் ரெக்கையின் முன்விளிம்பில், ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருக்கிறது, எரிய எரிய மையம் பின்னால் நகரும். கிளம்பும்போது போட்ட கணக்கோடு நிறுத்தாமல் இறங்கும்போதைய கணக்கையும் போடுங்கள்.

பிப்ரவரி 21

கேள்வி கேட்டவர் பேரம் முடித்துவிட்டாராம். விமானம் நிற்பது இரண்டு மாநிலம் தள்ளி. “அங்கே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், ஐந்து மணி டூயலை ஊருக்கு வந்து எடுக்கிறேன்.”

வேண்டாம். மேலே சொன்ன அந்த 14-ஐ மறுபடி பாருங்கள். புதிதாக வாங்கியவரின் முதல் பறப்பு பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது: தெரியாத விமானம், தெரியாத ஏர்போர்ட், வீட்டுக்குப் போகும் அவசரம், விற்றவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பாலிசியும் அந்தப் பறப்பை ஏற்காது, டூயல் முடிக்கும் முன் தனியாக ஓட்டுவது சேராது. இன்ஸ்ட்ரக்டரை அங்கே வரவழையுங்கள், இரண்டு நாள் அங்கேயே சுற்றுங்கள், பிறகு அவரோடு சேர்ந்து கொண்டு வாருங்கள், அந்த நீளப் பறப்பும் டூயல் கணக்கில் வரும். அல்லது அவர் மட்டும் கொண்டுவந்து கொடுக்கட்டும், பாலிசியில் அவர் பெயர் ஏறியபின்.

பிப்ரவரி 23

பெயர் ஏறுவது பற்றி, ஏனென்றால் நேற்று ஓர் இன்ஸ்ட்ரக்டரே எனக்கு எழுதியிருந்தார், தன் பெயர் உரிமையாளர் பாலிசியில் இருப்பதால் தனக்குக் கவலையில்லை என்று.

கவலை உண்டு. பாலிசியில் ‘அனுமதிக்கப்பட்ட விமானி’ என்று பெயர் இருப்பதன் பொருள், அவர் ஓட்டும்போது உரிமையாளரின் காப்பீடு செல்லும் என்பது மட்டும்தான். அவர் காப்பீடு பெற்றவர் ஆகிவிடவில்லை. கம்பெனி உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை இன்ஸ்ட்ரக்டரிடமிருந்து வசூலிக்க வழக்குப் போடலாம், சப்ரொகேஷன் என்பது அதுதான். உங்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்தவரை அந்த நிலையில் விடாதீர்கள். அவரைக் கூடுதல் காப்பீடு பெற்றவராகச் சேர்க்க முடியுமா, அல்லது அவர்மேல் வசூல் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தர முடியுமா என்று புரோக்கரிடம் கேளுங்கள். அவருடைய சொந்தப் பாலிசி எக்ஸ்பெரிமென்டல் விமானங்களை ஏற்கிறதா என்று அவரும் பார்க்க வேண்டும். இந்த வகை விமானத்தில் பயிற்சி தர ஆட்களே குறைவு, அவர்களில் சிலர் விலகிப் போவதற்கு இந்தப் பயமும் காரணம்.

ஆகவே புரோக்கருக்கு எழுதும் மின்னஞ்சலில் மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: டூயலுக்கு எந்த மாடல்கள் செல்லும், இன்ஸ்ட்ரக்டருக்கு என்ன பாதுகாப்பு, இரண்டு மாநிலம் தாண்டிக் கொண்டுவரும் பறப்பில் எந்த நிமிடத்திலிருந்து காப்பீடு தொடங்குகிறது. பதில் எழுத்தில் வந்தபின் டிக்கெட் போடுங்கள்.